மாமியார் வீட்டுக்குச் சுற்றுவழி

என் கணவர் போர்த்துக்கல்காரர். அவரோடு போனால் ஐரோப்பா முழுக்க எனக்கு விசாவே வேண்டாமாமே? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

முத்துக்கு ஆசைப்பட்டு உங்கள் ஊருக்கு வந்த போர்த்துக்கீசியரும், 1658-ல் அவர்களை விரட்டிய டச்சுக்காரரும் விசா வாங்கியா வந்தார்கள்? நம்மிடம் மட்டும் கேட்கிறார்கள்!

இந்தியாவிலிருந்து கிளம்பினால் விசா வேண்டும். கணவரோடு ஸ்பெயினுக்கோ பிரான்ஸுக்கோ போனால், 2004-ஆம் ஆண்டு ஐரோப்பிய விதிப்படி அது இலவசம். அவருடைய சொந்த நாட்டுக்கு நேராகப் போனால் மட்டும் அந்த விதி செல்லாது. மாமியார் வீடு என்றால் சும்மாவா?

அதற்கும் சுற்றுவழி கண்டவர் ஓர் இந்தியர்தான். பிரிட்டிஷ் மனைவியோடு ஜெர்மனியில் வேலைபார்த்துவிட்டு பிரிட்டன் திரும்பிய சுரிந்தர் சிங்குக்கு அப்போதிருந்த ஐரோப்பிய விதிகள் தந்த குடும்ப உரிமை அங்கும் உண்டு என்று 1992-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கே போனாலும் திருமணச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போங்கள். தாலியைக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.