நாளுக்கு ஒன்றரை ஜிபி காவல்

திருடனைப் பிடிக்க மாட்டிய கேமராதான் எங்கள் வீட்டின் முதல் திருடன் என்பது அம்மாவின் கட்சி. களவு போகும் பொருள், டேட்டா. அளவு, தினமும் 1.5 ஜிபி.

பேராவூரணிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. 2018 கஜா புயலுக்குத் தப்பிய மரங்கள் கொஞ்சம்தான். அவற்றிலிருந்து விழும் காய்களையும் யாரோ விடியுமுன் பொறுக்கிவிடுகிறார்கள் என்று அப்பா புலம்பினார். சென்னையிலிருந்து நாலு கேமரா அனுப்பி வைத்தேன். தெருவுக்குள் கேபிள் நெட் கிடையாது. ஆகவே சிம் போட்ட ரவுட்டர். வீட்டில் சிக்னல் எட்டிப் பார்க்கும் ஒரே இடம் மாடிப்படித் திருப்பம் என்பதால் அங்கே ஆணியில் தொங்குகிறது.

கேமரா மாட்ட வந்த தம்பி கணக்கை விளக்கினார். தெளிவான படத்துக்கு நொடிக்கு 2 மெகாபிட் வேண்டும். அதாவது மணிக்கு 900 எம்பி. ஒரு கேமராவை மட்டும் பார்த்தால் 1.5 ஜிபி 100 நிமிடம் வரும். நாலையும் ஒன்றாகத் திறந்தால் 25 நிமிடம். திருடர்கள் அந்த 25 நிமிடத்துக்குள் வந்து போக ஒத்துழைத்தால் கவலையே இல்லை.

டேட்டா தீர்ந்ததும் நெட் நின்றுவிடாது. நின்றாலாவது நிம்மதி. 64 கேபிபிஎஸ்ஸில் இழுத்துக்கொண்டு கிடக்கும். நொடிக்கு 8 கிலோபைட். 400 கிலோபைட் புகைப்படம் ஒன்று வந்து சேர 50 நொடி. படத்தில் ஆட்டின் வால் வருவதற்குள் நிஜ ஆடு செம்பருத்தியை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும்.

கேமராவுக்கு அசைவைக் கண்டால் அலாரம் அனுப்பும் குணம் வேறு. தென்னந்தோப்பில் அசையாத பொருள் எது? ஆடிக் காற்றில் ஒவ்வொரு மட்டையும் சந்தேகத்துக்குரிய நபர். இரவில் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். நடுநிசியில் அலாரம் கேட்டுப் பதறித் திறந்தால், திரையை அடைத்துக்கொண்டு எட்டுக் கால்.

கேமராவில் ஸ்பீக்கரும் உண்டு. ஒருநாள் தோப்பில் ஆள் நடமாட்டம் தெரிய, "யார்ரா அது?" என்று சென்னையிலிருந்து அதட்டினேன். படம் பின்தங்கி வந்தது, என் குரல் அதைவிடப் பின்தங்கிப் போனது. அது போய்ச் சேர்ந்தபோது கேமராவுக்குக் கீழே நின்றவர் அப்பா. "உங்கப்பன்டா" என்ற பதில் மட்டும் தாமதமில்லாமல் வந்தது, போனில்.

அம்மாவின் போனுக்கும் அதே ரவுட்டர்தான். ஒரு மாலை நாலு கேமராவும் ஆஃப்லைன்.

"நான்தான் பிளக்கைப் புடுங்குனேன். சீரியல் சுத்திக்கிட்டே நிக்குது."

"திருடன் வந்தா?"

"நான் இங்க இருக்கேன்ல. நீ மெட்ராஸ்லேருந்து பாத்து என்ன செய்யப் போற?"

உண்மையில் கேமரா நிரபராதி. பதிவெல்லாம் அதனுள்ளே இருக்கும் மெமரி கார்டில் ஏறுகிறது, அதற்கு நெட் செலவே இல்லை. வெளியூரிலிருந்து யாராவது பார்த்தால்தான் டேட்டா கரையும். அந்த யாராவது யார் என்று விசாரித்தோம். ஆப்பின் பாஸ்வேர்டு குடும்பம் முழுக்கச் சுற்றியிருந்தது. கோயம்புத்தூர் அக்கா, வாசல் தெளித்தாயிற்றா என்று காலையில் பார்க்கிறாள். துபாய் அத்தான் வேலை முடித்துப் படுக்கும்போது அங்கே மணி 10.30, இங்கே நள்ளிரவு 12. அன்றைய 1.5 ஜிபி பிறக்கும் நேரம். ஊர் தூங்கிவிட்டதால் டவரும் காலி. தோப்பு கறுப்பு வெள்ளையில் தூங்குவதை நாலு கேமராவிலும் ஆசை தீரப் பார்க்கிறார். 12.25க்கு ஒதுக்கீடு காலி. அதற்குப் பிறகு தோப்பில் நடப்பதெல்லாம் திருடர்களின் தனிப்பட்ட விஷயம்.

கடைசியில் சமரசம். அத்தானுக்கு ஒரு கேமரா மட்டும். எல்லோருக்கும் மட்டமான படம், 256 கேபிபிஎஸ், மணிக்கு 115 எம்பி. அம்மாவின் சீரியல் சுற்றாமல் ஓடுகிறது. படத்தில் ஆள் வருவது தெரிகிறது, முகம் தெரிவதில்லை. காய் பொறுக்குகிறவன் திருடனா, சொந்தக்காரனா என்று சொல்ல முடியாது.

"அது எச்டியிலயும் தெரியலையே" என்கிறார் அப்பா.