ஸ்டாக் அண்ணா

ஸ்ரீரங்கத்தில் வடகலையும் தென்கலையும் ஒரே வீதியில் குடியிருந்து, ஒரே பால்காரரிடம் பால் வாங்கிப் பழகிவிட்டன. 2020க்குப் பிறகு மூன்றாவதாக ஒரு கலை ஊருக்குள் வந்திருக்கிறது. ஃப்ரேம்வொர்க் கலை. இதற்கு நெற்றியில் எதுவும் இட்டுக்கொள்ள வேண்டாம், லேப்டாப்பின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். நீல அணு என்றால் ரியாக்ட், பச்சை ‘வி’ என்றால் வியூ, ஆரஞ்சு ‘எஸ்’ என்றால் ஸ்வெல்ட். சிவப்புக் கவசத்தைச் சுரண்டிய தழும்பு தெரிந்தால், ஆசாமி ஒரு காலத்தில் ஆங்குலர் என்று அறிக.

இந்தக் கலையின் ஆசாரியர்தான் ஸ்டாக் அண்ணா. சித்திரை வீதிகளில் ஒருவராவது உண்டு; உத்தர வீதியில் இரண்டு பேர் என்று கேள்வி. பெங்களூரில் வேலை பார்த்தவர், கொரோனாவுக்கு ஊர் வந்தார், அம்மா கையால் காபி சாப்பிட்டார், அப்புறம் திரும்பிப் போகவில்லை. மாடி அறையில் இரண்டு மானிட்டர், ஒரு இன்வெர்ட்டர். கம்பெனி வேலை ஒழுங்காக நடக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனியில் எதைக் கொண்டு எதை எழுதுவது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்குக் கிடையாது. அமெரிக்காவில் யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அந்த ஏக்கத்தை அண்ணா ஊராருக்காகத் தேர்ந்தெடுத்துத் தீர்த்துக்கொள்கிறார்.

பெயர் பையன்கள் வைத்தது. எந்தப் பேச்சை எடுத்தாலும் “எந்த ஸ்டாக்?”, அதாவது எந்தெந்த மென்பொருள் கருவிகளை அடுக்கிக் கட்டியது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பொங்கலுக்கு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால், “அந்த சைட் எதுல எழுதியிருக்கா தெரியுமோ?” என்பார். டிக்கெட் கிடைக்காததற்குப் பொங்கலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றாது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எந்த வலைச்செயலியை எடுத்துக்கொண்டாலும் சில வேலைகள் அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம்? உள்ளே வந்திருப்பது யார்? போன் நம்பரில் பத்து இலக்கம் இருக்கிறதா? கூடையில் ஒன்றைப் போட்டால் மொத்தத் தொகை தானாக மாறுகிறதா? இதையெல்லாம் யாரோ முன்கூட்டியே எழுதி வைத்து, “உன் சங்கதியை மட்டும் இந்த இடத்தில் நுழைத்துக்கொள்” என்று தந்தால் அது ஃப்ரேம்வொர்க். நாம் கூப்பிட்டால் வந்து வேலை செய்வது லைப்ரரி, நம்மைக் கூப்பிட்டு வேலை வாங்குவது ஃப்ரேம்வொர்க். ‘ரியாக்ட் ஃப்ரேம்வொர்க்’ என்று அண்ணாவின் எதிரில் சொல்லிவிடாதீர்கள். “ரியாக்ட் லைப்ரரிடா!” என்று ஆரம்பித்தால், அம்மா மண்டபத்தில் தொடங்கிய பேச்சு ராஜகோபுரம் வந்தும் முடியாது.

அண்ணாவின் பூர்வாசிரமம் சுவையானது. கல்லூரியில் படிக்கும்போது ஜேகுவெரி. அது 2006இல் வந்தது, இன்றும் உலகத்தின் ஏராளமான தளங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணா மட்டும் அதைத் தெரியாது என்பார். பிறகு கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ். 2013 மே மாதம் ஃபேஸ்புக் ரியாக்டை வெளியிட்டபோது, எச்.டி.எம்.எல்.ஐ ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் கொண்டுவந்து கலப்பதா, இது என்ன அநாசாரம் என்று முகம் சுளித்தவர்களில் அவரும் ஒருவர். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர் ஒன்றுதான், உள்ளே முழுக்கப் புதிதாக எழுதியது. பழைய நிரலைத் தூக்கி அப்படியே உள்ளே வைத்தால் ஓடாது. அதற்கடுத்த பதிப்பு 3 இல்லை, நேராக 4. “எண்ணவே தெரியாதவாளை நம்பி எப்படிடா குடித்தனம் பண்றது?” என்று கவசத்தைச் சுரண்டிவிட்டு, அநாசாரம் என்று சொன்ன அதே ரியாக்டில் போய்ச் சேர்ந்தார். 2019இல் அதிலும் ஹூக்ஸ் வந்து எழுதும் முறையே மாறியது. நடுவில் வியூவோடு கொஞ்சம், ஸ்வெல்ட்டோடு கொஞ்சம்.

இப்போது சர்வரிலேயே பக்கத்தைத் தயாரித்து அனுப்புவதுதான் உத்தமம் என்கிறார். 2004இல் ரூபி ஆன் ரெயில்ஸும் 2005இல் ஜாங்கோவும் செய்துகொண்டிருந்தது அதைத்தான். பக்கம் சர்வரில் பிறந்தது. பட்டனை அழுத்தும்போதெல்லாம் முழுப் பக்கமும் மறுபடி வருகிறதே என்று வேலையை உலாவிக்குள் தள்ளினார்கள். உலாவிக்கு அனுப்பும் மூட்டை கனத்து, மலிவான போனில் பக்கம் திறக்கவே நேரமானது. ஆகவே வேலையில் பாதி மறுபடி சர்வருக்கே போனது. அண்ணா இந்தச் சுற்றைச் சுற்றி முடித்துவிட்டார். சுற்றியது தெரியாமல், முன்னேறிவிட்டதாகச் சொல்கிறார்.

மாணவர்கள் அவரைத் தேடி வருவார்கள். திருச்சியைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. “அண்ணா, ரியாக்ட் படிக்கட்டுமா, ஆங்குலரா?” என்று ஒரு பையன் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கேட்பான். அண்ணா தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, “டிபெண்ட்ஸ்” என்பார். எதைப் பொறுத்தது என்று கேட்டால், “யூஸ் கேஸைப் பொறுத்தது.” யூஸ் கேஸ் எது என்றால், “அதுவும் டிபெண்ட்ஸ்.” அரை மணி கழித்துப் பையன் நவல்பட்டு எல்காட் பூங்காவில் எந்தக் கம்பெனி எதற்கு ஆள் எடுக்கிறது என்று வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைப் படிக்கப் போய்விடுவான்.

திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதத்தின் பெயரை அண்ணா பெருமையாகச் சொல்வார். ஃப்ரெஷ்டெஸ்க் 2010இல் தொடங்கியது, 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் மணி அடித்தது எல்லாம் தேதியோடு வரும். அது ரூபி ஆன் ரெயில்ஸில் எழுந்தது என்பதை மட்டும், வீட்டில் நடந்த ஏதோ ஒரு விஷயத்தைப் போலத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போவார். ரெயில்ஸ் அவர் பட்டியலில் ‘பழசு’. பழசை வைத்துக்கொண்டு ஒருவர் நாஸ்டாக் போவது அண்ணாவின் சித்தாந்தத்துக்கு ஒத்துவராது.

ஆடி மாதம் ஒரு நாள், உத்தர வீதியிலிருந்து பட்சண மாமி வந்தார். ஸ்ரீஜயந்திக்குச் சீடை, தீபாவளிக்குத் தேன்குழல், அதிரசம், முள்ளு முறுக்கு என்று ஆர்டர் எடுத்துச் செய்பவர். அடுப்பு எரியும்போதுதான் போன் வரும். எண்ணெய்க் கையோடு எடுத்து, மஞ்சள் அட்டை நோட்டில் எழுதுவார். போன வருஷம் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்து ‘அரை’ என்பது மறைந்துபோனதால், ஒரு தனிக்கட்டை தாத்தாவுக்கு ஒரு கிலோ அதிரசம் போய்விட்டது. தாத்தா திருப்பித் தரவில்லை.

“அம்பி, பேரு, போன் நம்பர், என்ன வேணும், எத்தனை கிலோ. இந்த நாலும் எழுதி அனுப்பறாப்பல ஒண்ணு பண்ணித் தாயேன். ஸ்ரீஜயந்திக்குள்ள ஆயிடுமோல்லியோ?”

“தாராளமா மாமி. மொதல்ல ஸ்டாக்கை முடிவு பண்ணிடறேன்.”

எக்செல் தாள் ஒன்று பிறந்தது. நெடுக்கே ஃப்ரேம்வொர்க்குகள், குறுக்கே தகுதிகள்: வேகம், மூட்டையின் கனம், கிட்ஹப் ஸ்டார், டைப்ஸ்கிரிப்ட் ஒத்துழைப்பு, ‘டெவலப்பர் அனுபவம்’. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். ஜெயித்த ஃப்ரேம்வொர்க் பிடிக்காவிட்டால் தகுதிகளின் எடையை மாற்றி மறுபடி கூட்டினார். ‘மாமி அனுபவம்’ என்று ஒரு கட்டம் கடைசிவரை வரவில்லை. ‘நாளைக்கு நான் மறுபடி பெங்களூர் போய்விட்டால் இதை ஸ்ரீரங்கத்தில் யார் பார்த்துக்கொள்வார்?’ என்ற கட்டமும் வரவில்லை.

ஸ்ரீஜயந்தி போயிற்று. “புது வெர்ஷன் வரப்போறது மாமி, இப்ப ஆரம்பிச்சா உடனே மாத்தணும்.” நவராத்திரி போயிற்று. “டிபெண்டென்சி ஜாஸ்தியா இருக்கு மாமி.” அதற்கு 2016 மார்ச் கதையை எடுத்தார். ‘லெஃப்ட்-பேட்’ என்று பதினோரு வரியில் ஒரு சின்னத் துணை நிரல். எழுதியவர் கோபித்துக்கொண்டு அதைப் பொதுக்கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஏகப்பட்ட மென்பொருள்கள் உலகம் முழுக்கக் கட்டமுடியாமல் நின்றன. மாமி உச்சுக் கொட்டினார். “பதினோரு வரியை அவாளே எழுதிண்டிருக்கக்கூடாதோ?” இந்தத் துறையில் இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்டதில்லை. அண்ணா தலையாட்டிவிட்டு, ஒரு வெற்றுப் பக்கம் காட்டுவதற்காக ஆயிரக்கணக்கான கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

மாமிக்குப் பொறுமை தீர்ந்ததும் அண்ணா ஊர்ச் சரித்திரத்துக்குத் தாவினார். “இந்தக் கோயில்லயே ராமானுஜர் மைக்ரேஷன் பண்ணியிருக்கார் மாமி. வைகானசத்திலேர்ந்து பாஞ்சராத்திரத்துக்கு.” கோயிலொழுகு சொல்வது அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அண்ணா பாதியில் நிறுத்திக்கொள்கிறார். ராமானுஜர் ஆகமத்தை மாற்றிவிட்டு அடுத்ததைத் தேடிக் கிளம்பவில்லை. யாருக்கு எந்தக் கைங்கர்யம் என்று கொத்துக் கொத்தாகப் பிரித்து, இந்த ஊரிலேயே இருந்து நடத்திக் காட்டினார். அதே முறையைத் திருவனந்தபுரத்திலும் கொண்டுவர அவர் நினைத்ததாகவும், அங்கே பூஜை செய்துவந்த நம்பூதிரிகள் இசையாததால் பெருமாளே அவரை இரவோடிரவாகத் திருக்குறுங்குடியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாகவும் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அண்ணாவின் பாஷையில் அதுதான் ரோல்பேக். ஆகமம் அதே, ஆசாரியரும் அவரே. அன்றாடம் தொட்டுச் செய்யவேண்டியவர்கள் ஏற்றுக்கொண்ட இடத்தில் நிலைத்தது, ஏற்காத இடத்தில் நிலைக்கவில்லை.

தில்லை நகர்ப் பக்கம் சின்னச் சின்ன மென்பொருள் கடைகள் வைத்திருப்பவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். பி.எச்.பி., அதன்மேல் லாராவெல் என்று அண்ணா மூக்கைச் சுளிக்கும் சரக்கில் பள்ளிக்கூடத்துக்கும் டிராவல்ஸுக்கும் செய்து கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். ஒரு பையன் வேலையை விட்டுப் போனால், அடுத்த வாரமே திருச்சியில் இன்னொருவன் கிடைப்பான். சர்வர் வாடகை மலிவு. அவர்கள் எக்செல் தாளில் இருப்பது இந்த இரண்டே கட்டம். அண்ணா அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்.

ஐப்பசி பிறந்ததும் மாமி கடைசியாக ஒரு முறை வந்து கேட்டார். அண்ணா ஜன்னல் வழியே கையை நீட்டினார். “அதோ பாருங்கோ மாமி. நானூறு வருஷத்துக்கு மேல மொட்டைக் கோபுரமா நின்னுது. 1987லதானே பதிமூணு நிலை, 236 அடின்னு முடிஞ்சு கும்பாபிஷேகம் ஆச்சு? நல்ல வேலைன்னா நாழியாகும்.”

“ஆகட்டும்டா அம்பி. மொட்டையா நின்னப்பவும் அதுக்குள்ள பூந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஜனம் போச்சு, வண்டி போச்சு. ஒன்னோடதுல இன்னும் வாசலே இல்லையே?”

அண்ணாவைக் குறை சொல்லி என்ன பயன்? தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்வரை எல்லா ஃப்ரேம்வொர்க்கும் உத்தமம்தான். ஒன்றைத் தொட்டுக் கட்டத் தொடங்கிய மறுநாள்தான் அதன் குற்றங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும், கூடவே கட்டியவரின் குற்றங்களும். தேர்வில் மட்டுமே இருப்பவர் தோற்பதில்லை. மாடி அறையில் அவர் காப்பாற்றி வருவது அந்தத் தோல்வியற்ற நிலையைத்தான்.

மாமியின் தங்கை பேரன், கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒரே ஒரு எச்.டி.எம்.எல். பக்கம் எழுதினான். மேலே தேன்குழல் படம், நடுவில் விலை, கீழே ஒரு கூகுள் ஃபார்ம். சுட்டியை உத்தர வீதி வாட்ஸாப் குழுவில் போட்டான். சீரங்கத்துப் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கிருந்தெல்லாம் அப்பா அம்மாவுக்காக ஆர்டர் போட்டார்கள். தாத்தா அரைக் கிலோ என்று சரியாகவே குறிப்பிட்டிருந்தார். கூடவே, போன வருஷம்போல் கவனக்குறைவாக இருந்தாலும் ஆட்சேபணை இல்லை என்று ஒரு குறிப்பு.

செய்தி கேட்டு அண்ணா நேரில் போனார். போனில் பக்கத்தைத் திறந்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். மாமி நீட்டிய முறுக்கை ஒரு கடி கடித்தார்.

“நன்னாத்தான் இருக்கு. ஆனா இது ஸ்கேல் ஆகாது மாமி. திடீர்னு பத்தாயிரம் ஆர்டர் வந்தா இந்தப் பக்கம் தாங்குமா?”

“ரெண்டு அடுப்பு, மூணு வாணலி, ஒத்தை மாமி. பத்தாயிரம் வந்தா மொதல்ல விழறது நான்தாண்டா அம்பி. அதுக்கு எந்த ஃப்ரேம்வொர்க் நல்லதுன்னு பார்த்து வை.”

அண்ணா மாடிக்குத் திரும்பிப் புதிய எக்செல் தாள் ஒன்றைத் திறந்திருப்பதாகத் தகவல்.