தோலைக் கிள்ளிப் பாரு மருமவனே!

ஏலே மருமவனே, ஒரு வீட்டுல பாட்டி பொறந்த ஊரு சரியில்லங்க, இன்னொரு வீட்டுல தாத்தா வழி தெரியலங்க. "சுத்தமான வம்சமா வேணும் மாமா"ன்னு பொண்ணு பாத்துப் பாத்தே தல நரைச்சிரும் போலிருக்கு. நல்லது. புளியங்குடி மார்க்கெட்டுல பொழுதன்னைக்கும் எலுமிச்சை ஏவாரம் பண்ணுதியே, அதோட சாதகத்த என்னைக்காவது கேட்டியா?

மொதல்ல இல, பூ, பழத்தோட முகரையப் பாத்துதான் எலுமிச்சை, ஆரஞ்சு வகையறாவுக்கெல்லாம் குலம் பிரிச்சாவ. அமெரிக்காக்காரரு ஸ்விங்கிள் 16 இனம்னாரு. ஜப்பான்காரரு தனகா 162ன்னாரு. ஒரே மாப்பிள்ளைய ரெண்டு தரகருகிட்ட விசாரிச்ச கதைதான்.

பெறவு கலிபோர்னியாவுல சில பேரு தோலெண்ணெயப் பிரிச்சுப் பாத்தாவ. ஹோரோவிட்ஸ், ஜென்டிலின்னு ரெண்டு பேரு கசப்ப விடாமப் பிடிச்சுக்கிட்டாவ. பம்பளிமாஸுல நரிஞ்சின்னு ஒரு சரக்கு. அதுல குளுக்கோஸும் ராம்னோஸும் கைகோத்து நிக்கும். குளுக்கோஸோட ரெண்டாவது எடத்துல ராம்னோஸ் ஒட்டினா வாயி கசந்துரும். ஆறாவது எடத்துல ஒட்டினா சப்புன்னு போயிரும். அதே சர்க்கரதாம்ல, நிக்கிற எடந்தான் வேற! கமலாவுல இருக்க ஹெஸ்பெரிடின் அந்தச் சப்பு வகை. கசப்பு ஆரஞ்சுல நரிஞ்சின் இருந்துச்சு, பம்பளிமாஸோட புள்ளன்னு காட்டிக் குடுத்துருச்சு.

1975, 76ல ஸ்கோரா, பாரெட், ரோட்ஸ்னு ஆய்வாளருக கூட்டிக் கழிச்சுச் சொன்னது என்ன தெரியுமா? கடையில இருக்க பழத்துக்கெல்லாம் மூலக்குடும்பம் மூணுதான்: பம்பளிமாஸ், கமலா, சிட்ரான்.

தோலு சொல்லுதத மட்டும் நம்பிராத. சாத்துக்குடியும் பம்பளிமாஸ் பேத்திதான், ஆனா பாட்டி கசப்பு ஒட்டல. மரபணுவப் படிச்ச பெறவுதான், 2018ல நேச்சர் இதழுல, குடும்ப வழக்குக்குப் பெரும்பாலும் தீர்ப்பாச்சு. மஞ்ச லெமனுக்கு ஆத்தா கசப்பு ஆரஞ்சு, அப்பன் சிட்ரான். கமலாவுலயே முக்காவாசி ரகத்துக்குள்ள பம்பளிமாஸ் ரத்தம் ஓடுது. நம்ம எலுமிச்சை இருக்கே, அதுக்கு அப்பன் சிட்ரான். ஆத்தா? மூணு குடும்பத்துலயும் சேராத, பிலிப்பைன்ஸ் காட்டுல கெடந்த மைக்ராந்தா! அதத்தான் நீ அம்மனுக்கு மாலையாக் கட்டுத, புது வண்டி டயருக்கடியில வைக்க.

சுத்த வம்சந்தான் வேணும்னா சிட்ரான் இருக்குலே. அடுத்த வீட்டு மகரந்தத்த அவ்வளவா அண்டவிடாது, தனக்குத் தானே சேத்துக்கிடும். பழத்த அறுத்தா அம்புட்டும் வெள்ளத் தோலு, நடுவுல சாறு பேருக்கு இருக்கும்.

வார வெள்ளிக்கெழம சங்கரன்கோவில் போயி ஒரு புள்ளையப் பாத்துட்டு வா. பாட்டி ஊரக் கேக்காத. ஒன்னய அவளுக்குப் பிடிச்சிருக்கான்னு கேளு.