ரெண்டே வருஷம்: ஓர் ஏகார விசாரம்

அமெரிக்காவில் மென்பொருள் எழுதி ஜீவனம் செய்யும் தமிழ் மக்களின் உத்தியோக மாற்றங்களைக் குறித்தும், உத்தியோகத்துக்கும் இல்லறத்துக்கும் இடையே அவர்கள் கண்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் சமநிலையைக் குறித்தும் முறையான ஆராய்ச்சி எதுவும் இதுகாறும் என் கண்ணில் படவில்லை. நான் தேடவில்லை என்பது வேறு விஷயம். எப்பொருளை எடுத்தாலும் அதை ஐந்திணையாகப் பகுத்து, நியூ ஜெர்சிக்கு மருதம் என்றும் டெக்ஸாஸுக்குப் பாலை என்றும் நாமகரணம் செய்து, முன்னூறு பக்கத்தில் முனைவர் பட்டம் பெறும் ராஜபாட்டை ஒன்று நம்மிடையே உண்டு என்பதை அறிவேன். அந்தப் பாட்டையில் கூட்டம் அதிகமாகையால் நான் இலக்கண வழியாகப் புகுகிறேன்.

உத்தியோக மாற்றம் மூவகைப்படும்: தானே மாறுவது, மாற்றப்படுவது, மாறப்போவதாகப் பதினைந்து வருஷம் சொல்லிக்கொண்டிருப்பது. முதல் வகைக்குக் கலிபோர்னியா புண்ணிய பூமி. விலகிப்போகிறவர் போட்டிக் கம்பெனியில் சேரலாகாது என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம் அங்கே 1872 முதலே பெரும்பாலும் செல்லாதாகையால், வேலையை விட்டவர் மறுநாளே எதிர்க் கட்டடத்தில் போய் உட்காரலாம். இரண்டாம் வகைக்கு ஆளான எச்-1பி விசாக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதைப் பற்றி மேலும் எழுத மனம் வரவில்லை. சமநிலை யாதெனின், குக்கர் மூன்றாம் விசிலுக்கு மூச்சுப் பிடிக்கும் தருணத்தில் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிடும் சாதுரியம்.

மூன்றாம் வகையே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. அதன் மூலவாக்கியம், ‘இன்னும் ரெண்டே வருஷம்’ என்பது. ஊருக்குத் திரும்புதல், மேனேஜரிடம் ராஜினாமாக் கடிதம் நீட்டுதல், வருமான வரியில்லாத டெக்ஸாஸுக்குக் குடிபெயர்ந்து அங்கே சொத்து வரி கட்டுதல், முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய சகல காரியங்களுக்கும் இது ஒன்றே முன்மொழி. இதற்கு மூன்று பாடபேதங்கள் கிடைத்துள்ளன. நியூ ஜெர்சியின் எடிசன் ஊர்ப் பாடம் மேலே காட்டியது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பாடம் ‘இன்னொரு ரெண்டு வருஷம்’. டெக்ஸாஸின் பிளேனோ பாடம் ‘மேக்ஸிமம் ரெண்டு வருஷம்’. இதில் ‘மேக்ஸிமம்’ பிற்கால இடைச்செருகல் என்பது வெளிப்படை. எடிசன் பாடமே மூலபாடம் என்பதற்குச் சான்று, ஓக் ட்ரீ சாலை மளிகைக் கடையொன்றின் பில் போடும் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெரியவர், இரண்டு கட்டுக் கறிவேப்பிலையையும் ஒரு மூட்டைப் பொன்னி அரிசியையும் தள்ளுவண்டியில் வைத்தபடி, தொலைபேசியில் எவருக்கோ உரத்த குரலில் அருளிச்செய்தது. வெளுத்த ரசீதின் பின்புறத்தில் நான் அதைப் பிரதி செய்துகொண்டேன். அப்பிரதி கால்சட்டையோடு சலவைக்குப் போய்ச் சிதைந்துபோயிற்று. தமிழ் ஏடுகள் பலவற்றின் கதியும் அதுவேயாதலின், சான்றின் கௌரவம் இதனால் கூடியதேயன்றிக் குறையவில்லை.

இனி, ‘ரெண்டு’ என்பது எண்ணுப்பெயரா? எண்ணாயின் எதை எண்ணியது? எச்-1பி விசா ஒரு தடவைக்கு மூன்று வருஷம் வரையில், மொத்தம் ஆறு. ஐ-140 என்னும் குடியேற்ற மனுவுக்கு அங்கீகாரம் பெற்றுக் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவருக்கு, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மும்மூன்று வருஷமாக நீட்டிக்கொண்டே போக இடங்கொடுக்கிறது. 1990-ஆம் ஆண்டுச் சட்டமோ, எந்த ஒரு தேசத்தாருக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் இல்லை என்று வாசலில் தாழ்ப்பாள் போட்டு வைத்திருப்பதால், அந்த வரிசையில் நிற்பது இந்தியருக்கு ஆசிரமங்களுள் ஐந்தாவதாகிவிட்டது. இடையில் கம்பெனி மாறினால் வரிசையில் பிடித்த தேதி பெரும்பாலும் கைவிட்டுப் போகாது. ஆனால் காகிதங்கள் அனைத்தும் அநேகமாக ஆதியிலிருந்து. கம்பெனி தரும் ஸ்டாக் முழுதும் கைக்கு வர நான்கு வருஷம் என்பது பொதுவழக்கு. முதல் வருஷம் முடியுமுன் விலகியவருக்குச் சூனியம். அந்த நான்கும் தீர்ந்தபாடில்லை; ஆண்டுதோறும் ‘ரெஃப்ரெஷர்’ என்று புதிதாகக் கொஞ்சம் ஸ்டாக் கொடுத்து அதற்குத் தனியாக ஒரு நான்கை ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆக மூன்று உண்டு, நான்கு உண்டு, ஆறு உண்டு, ஏழு உண்டு. இரண்டு மட்டும் இல்லை. கலிபோர்னியாவில் 1978-இல் ஜனங்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் பிரேரணையின்படி, வீடு கைமாறாதவரை அதன் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் ஏறலாகாது. அந்த இரண்டே இந்த இரண்டு என்று ஃப்ரீமான்ட் உரைகாரர் சாதிப்பார். அவர் அங்கே வீடு வைத்திருப்பவர்.

எண்ணில் பொருள் இல்லையெனில் இடைச்சொல்லில்தான் இருக்க வேண்டும். தொல்காப்பியர் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் வகுத்தார். ‘ரெண்டே’ என்பதிலுள்ள ஏகாரம் இவற்றுள் எது என்பதில் ஒரே குடும்பத்துக்குள் ஐந்து பட்சம் நிலவுகிறது.

சொல்லுகிறவர் தேற்றம் என்கிறார். சொல்லும்போது குரலும் கொஞ்சம் கனத்துவிடும். அவர் மனைவி அதை வினாவாகவே கேட்கிறாள், ‘ரெண்டேவா?’ என்று இன்னொரு எழுத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை மூடுகிறாள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இன்னும் உயிர்மெய்யைத் தாண்டாத மகள், அது பிரிநிலை என்கிறாள். ‘அப்போ நான் என் ஃப்ரெண்ட்ஸை விட்டுட்டு வரணுமா?’ என்பது அவள் வாதம். இலக்கணப்படி அது தவறு, தீர்ப்புச் சொல்லத்தான் எவருக்கும் தைரியம் இல்லை. எண்ணேகாரம் என்பது அடியேன் கட்சி. ‘கிரீன் கார்டு வரட்டுமே, ஸ்டாக் கைக்கு வரட்டுமே, பொண்ணு ஹைஸ்கூல் முடிக்கட்டுமே, வீட்டுக் கடன் கொஞ்சம் இறங்கட்டுமே’ என்று அடுக்கிவருங்கால் ஏகாரம் ஒவ்வொன்றின் தலையிலும் ஏறி எண்ணிக்கொண்டே போவதைக் காண்க. இவ்வடுக்கு எங்கே முடியும் என்பதற்குச் சூத்திரம் இல்லை. இவ்விடத்துப் பிளேனோ உரைகாரர் என்னை மறுத்து நாற்பது நிமிஷம் பேசினார். அவ்வுரை, வெள்ளிக்கிழமை மாலை நெடுஞ்சாலை நெரிசலில், கார் ஒலிபெருக்கியில், நடுவே இரண்டு முறை ‘ஒரு நிமிஷம், ஆபீஸ் கால்’ என்று அறுபட்டு நிகழ்ந்தமையால், அச்சேறும் பதிப்பு இல்லை.

காலக்கணிப்பு பற்றி ஒரு வார்த்தை. என் வீட்டுச் சமையலறை நிலைக்கதவின் சட்டத்தில் பென்சில் கோடுகள் சில உள. அடிக்கோடு என் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. மேற்கோடு தோளைத் தொடுகிறது. கோடுதோறும் தேதி பொறித்திருப்பதால் இவற்றைக் கல்வெட்டாகவே கொள்ளலாம். அடிக்கோடு போட்ட அன்று, ‘சுவரைக் கிறுக்காதீங்க, ரெண்டு வருஷத்துல விக்கப்போற வீடு’ என்று இல்லாள் எச்சரித்தது செவிவழிச் செய்தியாக நிற்கிறது. இவ்வளவு திடமான சான்று இருக்கையிலும் இரண்டு வருஷம் இன்னும் இரண்டு வருஷமாகவே இருப்பது விந்தையே. ஆயினும், தொல்காப்பியத்தின் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன்னும் பின்னுமாகச் சில நூற்றாண்டுகள் தள்ளித் தள்ளியே உத்தியோக உயர்வு கண்டு ஓய்வூதியமும் பெற்ற அறிஞர்கள், வெறும் இரண்டு வருஷத்தை நகர்த்தும் எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

ஐந்தாவதான ஈற்றசைப் பட்சம், ஊரில் இருக்கும் என் தாயாருடையது. பொருளின்றி வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும் ஒலி என்பது அவள் துணிபு. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, ‘எப்போ வரே?’ என்று கேட்பதைச் சில வருஷங்களுக்கு முன் நிறுத்திவிட்டாள் என்பதிலிருந்து ஊகித்துக்கொண்டேன். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அழைத்திருந்தேன். அங்கே இரவு ஏழரை.

‘உனக்குப் பத்து மணி ஆச்சா?’ என்றாள்.

‘இல்லேம்மா, ஒன்பதுதான். குளிர்காலத்துக்கு ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வெச்சாச்சு.’

‘யாரு தள்ளி வெச்சா?’

‘கவர்ன்மென்ட்தாம்மா. வருஷா வருஷம் இப்படித்தான். மார்ச்ல திரும்ப முன்னாடி தள்ளுவாங்க.’

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ‘எல்லாரும் சேர்ந்தா தள்ளறீங்க?’ என்றாள். பிறகு, ‘சரி, சாப்டியா?’ என்றாள்.