501-ஆவது யூனிட்

சென்னையை அடுத்த இரும்புலியூரில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். அறுபதைத் தாண்டிய வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது ஊரெல்லாம் புதுப் பை தேடி அலைந்தது. இவருடையது அதற்குள் மூன்று முறை ஒட்டுப் போட்டுத் தைக்கப்பட்டிருந்தது.

ரயில்வேயிலோ தொலைபேசித் துறையிலோ முப்பது சொச்ச வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். 2000-இல் பிரபு நடித்த 'பட்ஜெட் பத்மநாபன்' வந்ததிலிருந்து தெருவில் இவருக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கும் தபால் ஆபீஸ் பாஸ் புத்தகத்துக்கும் மட்டுமே தெரியும். பட்டப்பெயர் காதில் விழுந்தும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தைத்தான் தியேட்டரில் பார்க்கவில்லை. "டிவியில போடுவான்" என்று காத்திருந்தார். போட்டான்.

அவருடைய மேதைமையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் மின் கணக்கு எடுக்கும் வாரத்தில் போக வேண்டும். வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2016-லிருந்து முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். இது ஊருக்கே தெரியும். பத்மநாபனுக்கு மட்டும் தெரிந்தது, 500-இல் ஒரு பள்ளம் இருக்கிறது என்பது. அதுவரை 101-இலிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதி விலைதான். 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை பறந்துவிடும். ஆக, 501-ஆவது யூனிட் ஒன்றின் விலை மட்டும் 200 ரூபாய்க்கு மேல். "தங்கத்துலகூட இப்படி விலை ஏறாதுங்க" என்பார்.

அதனால் கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் அவர் வீட்டில் நெருக்கடி நிலை அமலுக்கு வரும். காலையில் பல் தேய்த்ததும் மீட்டர். மாலையில் காபி குடித்ததும் மீட்டர். இட்லிக்கு அரைப்பது ஒத்திவைக்கப்படும். உப்புமா ஆட்சிக்கு வரும். மகன் ஐடி கம்பெனிக்காரன், ஏசி இல்லாமல் தூக்கம் வராது. அவனிடம் நேராகச் சொல்ல மாட்டார்.

"ராஜா, மொட்டை மாடியில காத்து பிச்சுக்கிட்டுப் போகுதுடா. ஏரிக் காத்து."

"கொசுவும் ஏரிக் கொசுதாம்ப்பா."

இந்த மே மாதம் கணக்கெடுப்பவர் வரவேண்டிய நாளில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மீட்டர் 489-இல் நின்றது. பத்மநாபன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபிரிட்ஜைத் திறந்து என்ன எடுப்பது என்று யோசித்த மருமகளை, "முதல்ல யோசிச்சுட்டு அப்புறம் தெறம்மா" என்று தன்மையாகத் திருத்தினார். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு ஆள் வந்தார். 497! பத்மநாபன் மீட்டர் அட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். பேரனின் மார்க் ஷீட்டைக்கூட அப்படிச் சுற்றிக் காட்டியதில்லை. அன்று பட்டப்பகலில் அவரே ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தி, போர்வையும் போர்த்திக்கொண்டு படுத்தார். "இன்னைக்குப் புதுக் கணக்கு. முதல் நூறு ஓசி."

பாலிலும் இதே கதைதான். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பால் கடையில் லிட்டர் 60 ரூபாயானது. மாத அட்டைக்காரர்களுக்கு 46-இலேயே நிறுத்தினார்கள். விலை ஏறிய சேதி கேட்டுத் தமிழ்நாட்டில் மகிழ்ந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும். அதுவரை அட்டையால் மிச்சமானது சில்லறை. அன்றிலிருந்து லிட்டருக்குப் பதினாலு ரூபாய். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோதும் அப்படித்தான். இவ்வளவு தூரமா என்று சென்னையே தலையில் அடித்துக்கொண்டது. கோயம்பேடு வரை போய் ஊருக்குப் பஸ் ஏறிய காலத்து ஆட்டோச் செலவுகளை நினைத்து இவர் மட்டும் அரசாங்கத்தை மனதார வாழ்த்தினார். ரயில் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்ததுதான் அவருக்கு உண்டான ஒரே மனவருத்தம். நான்கு மாதம் முன்னாலேயே தீபாவளியைப் பற்றிக் கவலைப்படும் சுகம் 2024 நவம்பர் 1-ஆம் தேதியோடு போயிற்று.

ஆனால் மனிதர் வசமாகத் தோற்ற இடம் ஒன்று உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. உடனே சண்முகம் ரோடு மார்க்கெட் வேலையை வீட்டம்மா பொறுப்பில் விட்டார். போகவர நயா பைசா செலவில்லை என்று நோட்டில் பெருமையாக எழுதியும் வைத்தார். அம்மாள் காய்கறியோடு ஒரு நாள் எவர்சில்வர் அடுக்கு, இன்னொரு நாள் நைட்டி, பொங்கலுக்கு முன்னால் 900 ரூபாய்க்குப் புடவை என்று வாங்கி வந்தார்கள். இது எந்தக் கணக்கு என்று பத்மநாபன் பதற, "ஒரு வருஷம் பஸ்ஸுக்குக் குடுக்காத காசுங்க. போக்குவரத்துன்னு எழுதிக்குங்க" என்றார்கள். அவர் எழுதிக்கொண்டார். அந்த வருஷம் அவர் நோட்டைப் புரட்டுகிறவர்கள், குடும்பமே தினமும் டாக்ஸியில் போனதாக நினைக்கக்கூடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆளைக் கஞ்சன் என்று தீர்மானித்துவிடாதீர்கள். கஞ்சனுக்கு நாக்கு செத்திருக்கும். பத்மநாபன் காபிக்கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து அரைத்தால்தான் வாங்குவார். "காபியில சிக்கரியும் சேமிப்புல சீட்டுக் கம்பெனியும் கலக்கக்கூடாது" என்பது அவர் சித்தாந்தம். மார்கழியில் மின்சார ரயிலேறி மாம்பலத்தில் இறங்கி, டிக்கெட் இல்லாத மதியக் கச்சேரிகளாகப் பார்த்துக் கேட்டுவிட்டு, அதில் மிச்சமான காசை முழுசாக சபா கேண்டீனில் விட்டுவிட்டு வருவார். நந்தனம் புத்தகக் காட்சியில் பத்து சதவீதக் கழிவு கிடைக்கும் என்பதற்காக வருஷம் பூராவும் புத்தகம் வாங்காமல் இருந்து, ஜனவரியில் மஞ்சப்பையின் நான்காவது ஒட்டு கிழிகிற அளவுக்கு அள்ளி வருவார். மாதக் கடைசியில் யார் வந்தாலும் அந்த வீட்டில் சாப்பாடு உண்டு. நம் தெருவில் 25-ஆம் தேதிக்கு மேலும் ஓட்டல் பார்சல் வருகிற இரண்டொரு வீடுகளில் அதுவும் ஒன்று.

இந்தச் செழிப்புக்குக் காரணம் கேட்டால் அவர் கறிவேப்பிலையிலிருந்து தொடங்குவார். கொசுறு வாங்கியது, பேப்பரைச் சேர்த்துப் போட்டது, பற்பசைக் குழாயைப் பிளந்து வழித்தது. எனக்கென்னவோ நம்பிக்கையில்லை. கொசுறுக் கறிவேப்பிலையால் யாரும் வீடு கட்டியதில்லை. அதெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. மற்றவர்கள் சீட்டாடுகிறார்கள், இவர் மீட்டரோடு ஆடுகிறார். அவரைக் காப்பாற்றியவை வேறு. தொண்ணூறுகளில் ஆபீஸே திரண்டு போய் மாதம் மூன்று வட்டி தருகிற ஃபைனான்ஸ் கம்பெனிகளில் பணத்தைக் கொட்டியது. தேக்கு மரம் வளர்த்துப் பணமாகத் தருகிறேன் என்றவர்களையும் நம்பியது. கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்து, பணம் போட்டவர்களுக்காக 1997-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. பத்மநாபன் அப்போது தபால் ஆபீஸில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்தரை வருஷத்தில் போட்டது இரட்டிப்பு. (இப்போது 115 மாதம் ஆகிறது என்று சொல்லிப் பாருங்கள், கண் கலங்கும்.) "நாலு பேர் சேர்ந்து நம்புற விஷயத்துல அஞ்சாவது ஆளா நான் எதுக்கு?" என்று அன்று கேட்டாராம். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள்.

மனை வாங்கும்போதும் அப்படித்தான். தரகர் முடிச்சூர்ப் பக்கம் சல்லிசாகக் காட்டியதை விட்டுவிட்டு, கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மழையில் தண்ணீர் எது வரை வந்தது என்று ஆடு மேய்க்கிறவர்களை விசாரித்துத்தான் இங்கே வாங்கினார். கடைக்காலையும் நாலடி தூக்கிப் போட்டார். சிமெண்டில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரில் படகு விட்டார்கள். இவர் வீட்டு வாசற்படியில் இரண்டு படி காய்ந்தே இருந்தது. சிறுதுளி பெருவெள்ளம் என்ற பழமொழியை நம் பகுதியில் யாரும் சேமிப்புக்கு உதாரணமாகச் சொல்வதில்லை.

மாடி வீட்டுக்குக் குடிவந்த பையனுக்கு இவரைப் பார்த்து ஞானம் பிறந்தது. அவனும் நோட்டுப் போட்டான். பைக்கை ஓரங்கட்டிவிட்டு மார்க்கெட்டுக்கு நடந்தான். ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு வியர்வையோடு வந்து நின்றான். பத்மநாபனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார்: குழாய் சொட்டுவது, ரேஷன் துவரம்பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், கடை மூடும் நேரத்துக் கத்திரிக்காய். முடித்துவிட்டு வெளியே வந்தவர் வாசலில் நின்ற புதுக் காரைப் பார்த்தார்.

"இது யாருது?"

"என்னோடதுதான் சார். இஎம்ஐ. ஏழு வருஷம்."

"கையில இருக்கிற போன்?"

"அதுவும் இஎம்ஐதான் சார். ஆனா வட்டி இல்லாதது."

"கோவா போனீங்களே, அது?"

"பர்சனல் லோன் சார்."

பத்மநாபன் பேனாவை மூடிப் பையில் வைத்தார். "ஃபேனைப் போட்டுக்குங்க தம்பி" என்றார். "இதுக்கு மேல அதை நிறுத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

இந்தப் பக்கம் வீடோ மனையோ பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தரகரைக் கேட்பதற்கு முன்னால் இவரைக் கேளுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, எந்த மனைக்குப் பட்டா சரியாக இருக்கிறது, எந்தக் கிணற்றில் உப்புத் தண்ணீர், எல்லாம் சொல்வார். கமிஷன் கிடையாது. போகும்போது கால் கிலோ காபித்தூள் வாங்கிக்கொண்டு போங்கள். சிக்கரி கலக்காததாகப் பார்த்து.