கேரோனுக்குக் கொசுவலை

பேனா ஓவியம் பழகுகிறவர்களை முதலில் உருண்டை போடச் சொல்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் உருண்டை போட்டு யாரிடம் காட்டுவது? நான் நேராக குஸ்தாவ் தோரேயிடம் போய்விட்டேன்.

தாந்தேயின் ‘இன்ஃபெர்னோ’வுக்கு அவர் படம் போட்டு வெளியிட்டது 1861-இல். பதிப்பாளர் தயங்க, தோரே சொந்தக் காசைப் போட்டார். அப்போது அவருக்கு வயது 29. இந்தக் கணக்கை நான் தொடர விரும்பவில்லை.

அதில் கேரோன் படத்தை எடுத்துக்கொண்டேன். செத்தவர்களை ஆற்றைக் கடத்திவிடும் கிரேக்கப் புராண ஓடக்காரர். நரைத்த தாடி, முறுக்கேறிய உடம்பு, கையில் துடுப்பு, சுற்றிலும் கறுத்த தண்ணீர்.

0.1 பேனாவோடு தொடையில் ஆரம்பித்தேன். வெளிச்சம் விழும் இடத்தை விட்டுவிட வேண்டும். நிழலில் ஒரு வரிசைக் கோடு. இன்னும் இருட்ட வேண்டுமென்றால் குறுக்கே இன்னொரு வரிசை. அவ்வளவுதான் கிராஸ் ஹாட்சிங். ஆனால் கோடு சதையோடு சேர்ந்து வளைய வேண்டும், இரண்டாம் வரிசை முதல் வரிசையைச் சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் நீள நீளமான டைமன் விழுந்து தொடை உருண்டு வரும். நான் விறைப்பாகச் செங்குத்தாக வெட்டினேன்.

காபி கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்தாள். “யாருடா இது, கொசுவலைக்குள்ள நிக்கிறாரு?”

சொன்னேன். செத்தவர் வாயில் கிரேக்கர்கள் இவருக்காகக் காசு வைத்து அனுப்புவார்கள் என்பதையும் சொன்னேன்.

“நாம நெத்தியில வைக்கிறோமே, அந்த மாதிரியா?” என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல், “இப்ப ஒரு ரூவாய்க்கு எவன் தோணி விடுவான்?” என்று போய்விட்டாள்.

தண்ணீருக்கு மட்டும் மூன்று ராத்திரி ஆனது. மை காய்வதற்குள் உள்ளங்கை பட்டு ஓர் அலை இழுவிக்கொண்டது. இத்தனை கோட்டையும் இந்த மனுஷன் எப்படித்தான் இழுத்தானோ என்று திட்டிக்கொண்டே தேடினால், அவர் இழுக்கவே இல்லை! தோரே பெரும்பாலும் மரக்கட்டையின் மேல் தூரிகையால் சாம்பல் சாயலில் தீட்டிக் கொடுத்துவிடுவார். அதைக் கோடாக மாற்றிச் செதுக்கியவர்கள் வேறு ஆட்கள். இந்தப் புத்தகத்துப் படங்கள் பலவற்றின் மூலையில் தோரே பெயரோடு ‘பிசான்’ என்றும் இருக்கும். சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் அந்த மூலையைப் பார்ப்பதே இல்லை.

மரச் செதுக்கில் மேடாக நிற்கும் இடம்தான் மை ஏறிக் கறுப்பாக விழும். குடைந்த இடம் வெள்ளை. அப்படியென்றால் குறுக்குக் கோடு என்பது, நடுவிலிருக்கும் ஒவ்வொரு டைமனையும் உளியால் தோண்டி எடுப்பது. கடுகு அளவுகூட இல்லாத டைமன்கள். நான் இரண்டு இழுப்பில் முடித்ததற்கு அந்த ஆள் முப்பது பள்ளம் பறித்திருப்பார்.

மனம் இளகிப்போய்த் தாடிக்கு வந்தேன். அங்கே கதை திரும்பிவிட்டது. கறுப்புக் கட்டையில் ஒரு கீறு போட்டால் பிசானுக்கு ஒரு வெள்ளை முடி. நானோ ஒவ்வொரு முடியையும் விட்டுவிட்டு, அதன் இரு பக்கமும் கறுக்க வேண்டும். நாலு முடி தப்பியது. ஐந்தாவதில் கை நடுங்கியது. சரிசெய்யப் போய் இன்னும் கொஞ்சம் கறுத்தது, அதைச் சரிசெய்யப் போய் இன்னும் கொஞ்சம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“டை அடிச்சுட்டியா? பத்து வயசு குறைஞ்சுட்டாரு. இனிமே ரெண்டு ரூவா கேப்பாரு.”