லிங்க் சார்

தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியின் ஸ்டாஃப் ரூமை எட்டிப் பார்த்தாலும் அங்கே ஒரு லிங்க் சார் உட்கார்ந்திருப்பார். மேஜைப் பலகையில் வேறு பெயர் இருக்கும். பட்டங்கள் அதைவிட நீளமாக இருக்கும். ஆனால் அட்டெண்டர் முதல் பிரின்சிபால் வரை எல்லோரும் அவரை அறிவது இந்தப் பெயரில்தான். காலை ஆறு மணிக்கு ரோஜாப் பூ வைத்த 'இனிய காலை வணக்கம்' படத்துக்குக் கீழே மூன்று லிங்குகள் வந்து விழுந்தால், சார் எழுந்து பல் துலக்கிவிட்டார் என்று பொருள். ஒன்று தேனியில் நடக்கும் பயிலரங்கு. ஒன்று போபாலில் நடக்கும் ஐந்து நாள் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி, அதாவது எஃப்.டி.பி. மூன்றாவது எங்கே, எதைப் பற்றி நடக்கிறது என்பது அவருக்கே தெரியாது. 'கட்டணமில்லை, இ-சர்டிஃபிகேட் உண்டு' என்ற வரி மட்டும் மூன்றிலும் தடித்த எழுத்தில் இருக்கும்.

சார் அட்மினாக இருக்கும் வாட்ஸ்அப் குரூப்புகள் தனிக் கதை. ஒரு குரூப்பில் 256 பேருக்கு மேல் சேர முடியாது என்றிருந்த காலத்தில் சேவையைத் தொடங்கியவர் அவர். 2022-ல்தான் அந்த வரம்பு முதலில் 512 ஆகவும் பிறகு 1024 ஆகவும் உயர்ந்தது. அதுவரை முதல் குரூப் நிறைந்தால் இரண்டாவது, அதுவும் நிறைந்தால் மூன்றாவது என்று ஏழு வரை போனார். ஒரே செய்தியை ஏழு முறை அனுப்புவதை ஒரு விரிவாக்கப் பணியாகவே கருதினார். ஏழிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இந்த ரகத்து ஆசிரியர் 2020-க்கு முன்பும் உண்டு. ஆனால் அப்போது ஒரு சான்றிதழ் வேண்டுமானால் பேருந்து ஏற வேண்டும். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் முதல் படி ஏறுவதற்கே 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சி தேவை. அதை நடத்தும் மையத்துக்கு முதலில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று பெயர். அப்புறம் மனிதவள மேம்பாட்டு மையம். 2023-லிருந்து மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம். மூன்று பெயர் மாறியும் பதினொரு மணித் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் மாறவில்லை. போனவர்கள் ஒரு ரெக்ஸின் பையோடும் குரூப் ஃபோட்டோவோடும் திரும்பினார்கள். அந்தப் பை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உழவர் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போகும். இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தேநீர் இடைவேளையில்தான் விருதுநகர் வாத்தியார் ஒருவர் வேலூர் வாத்தியாரிடம், "கடைசி பெஞ்சுப் பயலுகள எப்படி சார் சமாளிக்கிறீங்க?" என்று கேட்பார். நிகழ்ச்சி நிரலில் அந்தக் கேள்விக்கு இடம் கிடையாது. வந்ததற்கு உருப்படியான பலன் அதுதான் என்று இருவருக்கும் தெரியும்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் பாதியில் தமிழகத்துக் கல்லூரிகளெல்லாம் வெபினார் நடத்த ஆரம்பித்துவிட்டன. வீட்டுக்குள் அடைபட்ட லிங்க் சாருக்கு உலகமே திறந்துகொண்டது. காலையில் கோவையில் நானோ தொழில்நுட்பம், மதியம் நாகர்கோவிலில் சங்க இலக்கியத்தில் மேலாண்மை, மாலையில் குவாஹாட்டியில் மன அழுத்த நிர்வாகம். லுங்கிக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றிலும் கலந்துகொண்டார். கடைசி இரண்டும் ஒரே நேரத்தில் வந்த நாட்களில் லேப்டாப்பில் ஒன்று, போனில் ஒன்று.

இலவச ஜூம் கணக்கில் 100 பேர்தான் சேரலாம், 40 நிமிடம்தான் பேசலாம். அந்த 40 நிமிடம் எப்படிச் செலவாகும் என்பதற்கு ஒரு மரபு உருவாகிவிட்டது. தமிழ்த்தாய் வாழ்த்து ஆடியோ விட்டு விட்டுக் கேட்கும். குத்துவிளக்கு, திரையில் படமாக எரியும். வரவேற்புரை ஆற்றுபவர் மியூட்டில் இரண்டு நிமிடம் உணர்ச்சிகரமாகப் பேசுவார். சிறப்பு விருந்தினரின் கட்டுரைகள், வழிகாட்டிய ஆய்வாளர்கள், பெற்ற விருதுகள், மலேசியப் பயணம் எல்லாம் வாசித்து முடிப்பதற்குள் ஜூம் எல்லோரையும் வெளியே தள்ளிவிடும். மறுபடி அதே லிங்கில் உள்ளே வந்தால் விருந்தினர் முதல் ஸ்லைடில் நிற்பார். "ஸ்கிரீன் தெரியுதுங்களா?" அதற்குள் சாட் பெட்டியில் பதில்கள் குவியும். 'குட் மார்னிங் ஃப்ரம் திண்டிவனம்.' 'ஆடியோ பிரேக் ஆகுது சார்.' 'ஃபீட்பேக் லிங்க் ப்ளீஸ்.' 'சார், ஃபீட்பேக் லிங்க்.' 'மேம், எப்ப வரும்?'

ஃபீட்பேக் லிங்க் என்பது கூகுள் ஃபார்ம். அதை நிரப்பி அனுப்பினால் ஒட்டுநிரல் ஒன்று பெயரைப் பொறித்துச் சான்றிதழை மின்னஞ்சலுக்குத் தானாகவே அனுப்பிவிடும். 'சான்றிதழில் வரவேண்டிய பெயர்' என்ற கட்டத்தில் லிங்க் சார் முனைவர் தொடங்கி எம்.எஸ்சி., எம்.ஃபில்., பி.எட்., பிஎச்.டி., நெட், செட் வரை எதையும் விடாமல் அடிப்பார். விளைவாகப் பெயர் இரண்டு வரியாகி, மூன்று வரியாகி, கீழே கையெழுத்திட்டிருக்கும் பிரின்சிபாலின் தலைமேல் ஏறி நிற்கும். கருத்துக் கட்டத்தில் எப்போதும் ஒரே சொல்: 'எக்ஸலன்ட்'. நிகழ்ச்சி நடக்காமல் ரத்தானபோதும் அதையே எழுதினார்.

சாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கல்லூரிகளைத் தரம் பார்க்க வரும் நாக் குழுவுக்கு ஏழு அளவுகோல்கள். ஆறாவதில் ஆசிரியர்கள் எத்தனை பேர் பயிற்சிக்குப் போனார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. வகுப்பில் ஒரு பெண் முதல்முறையாகக் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டாள் என்பதை எந்தப் படிவத்தில் ஏற்றுவது? காகிதமாக இருந்தால் ஸ்கேன் செய்து ஏற்றலாம். ஆகவே கல்லூரியின் உள் தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளர் காகிதம் கேட்கிறார். சார் காகிதம் கொடுக்கிறார். கடை வைத்தவன் வாடிக்கையாளர் கேட்பதைத்தானே விற்பான்!

பொய்யாகச் சேர்க்க முடியாத காகிதமும் ஒன்று உண்டு, அதன்மேல் அவருக்கு உள்ளூர மரியாதை. அது ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் இணையப் பாடங்களின் சான்றிதழ். பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் எடுத்தால்தான் சான்றிதழ். 60-ஐத் தொட்டால் 'எலைட்', 75-க்கு வெள்ளி, 90-க்குத் தங்கம். லிங்க் சார்தான் கல்லூரியின் என்பிடெல் தொடர்பாளர், அதாவது 'ஸ்பாக்'. மாணவர்களைப் பதிவு செய்யச் சொல்லித் துரத்துவார். தானும் பதிவு செய்வார். ஞாயிறு தோறும் அசைன்மென்ட் கடைசி நாளைத் தள்ளிவைக்கும்படி மன்றாடிக் கடிதம் எழுதுவார். இரண்டு பாடங்களில் மையத்துக்குப் போய் உட்கார்ந்து, எலைட் வாங்கினார். அந்த இரண்டையும் ஃபைலில் தேடித்தான் எடுக்க வேண்டும். மற்றவை அவ்வளவு கனம்.

அரசுப் பள்ளியில் இவருக்கு ஒரு தம்பி இருக்கிறார். 2017 ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய திக்‌ஷா தளத்தில், 2020 அக்டோபரிலிருந்து நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சி இணையவழி வந்தது. தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு 18 தொகுதிகள். தம்பி சார் வீடியோவை மியூட்டில் ஓடவிட்டு, பக்கத்தில் வாழைக்காய் நறுக்கினார். முடிவில் வரும் வினாடி வினாவுக்கான விடைகள் பி.டி.எஃப். வடிவில் குரூப்புக்கு வந்து சேர்ந்திருந்தன. தயாரித்தவர் யாரென்று தெரியாது. ஆசிரியர் சமூகத்தில் இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு விரைவாக, இவ்வளவு தன்னலமில்லாமல் பகிரப்பட்ட கற்றல் வளம் வேறில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்ட லிங்க் சார் ஒருநாள் தாமே ரிசோர்ஸ் பர்சன் ஆனார். தலைப்பு, 'இணையவழிக் கல்வியில் தொழில்முறைச் சமூகங்கள்'. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இருவர் 1991-ல் எழுதிய புத்தகத்திலிருந்து தொடங்கினார். அவர்கள் சொன்ன உதாரணங்களில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்க லைபீரியாவின் தையற்காரர்கள். அங்கே தொழில் பழக வரும் பையன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடிப்பான். பிறகுதான் மெஷினில் தையல். கடைசியாகத்தான் துணி வெட்டும் உரிமை. அதாவது சட்டை உருவாகும் வரிசைக்கு நேர் எதிர். முடிந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அது எப்படி முடிந்தது என்பதைப் பையன் மெல்ல மெல்லப் பின்னோக்கிப் புரிந்துகொள்கிறான். சார் இதை அழகாகவே விளக்கினார். தங்கள் குரூப்பிலும் எல்லோரும் கடைசியிலிருந்துதான், அதாவது சான்றிதழிலிருந்துதான், தொடங்குகிறார்கள் என்று யாரும் சாட்டில் எழுதவில்லை. எல்லோரும் லிங்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த உரையின் ஸ்லைடுகள் அவருடையவை அல்ல. அவை ஒரு குரூப்பில் கிடைத்தவை. மூலத்தில் ஆசிரியர் பெயரும், பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் இருந்தன. கைமாறக் கைமாற முதலில் பெயர் போனது, பிறகு உரிமம் போனது. ஒவ்வொருவரும் தங்கள் கல்லூரி லோகோவை மூலையில் ஒட்டினார்கள். லோகோக்கள் பெருகிப் படம் சுருங்கியது. சாரின் கைக்கு வந்தபோது தையற்காரரின் இடது கையும் பாதி மெஷினும் மட்டும் மிஞ்சியிருந்தன.

உண்மையான வளம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஊரடங்கு வந்த வருடமே ஓர் உதாரணம் கிடைத்தது. 2020 ஜூனில் புனேயைச் சேர்ந்த வேதியியல் ஆசிரியை ஒருவரின் படம் பரவியது. ஸ்டாண்ட் இல்லாததால் துணி மாட்டும் ஹேங்கரில் போனைத் துணிக் கீற்றுகளால் கட்டித் தொங்கவிட்டு, கரும்பலகைக்கு நேராக நிறுத்திப் பாடம் நடத்தினார். அதற்கு எஃப்.டி.பி. கிடையாது, ஃபீட்பேக் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் செய்துவிடலாம். லிங்க் சார் அதை ஏழு குரூப்புக்கும் அனுப்பியதோடு நிற்கவில்லை. தம் வீட்டு ஹேங்கரையும் எடுத்து வளைத்தார்.

அவருடைய நல்ல பக்கம் அங்கேதான் தெரிந்தது. ஓய்வுபெற ஒரே வருடம் இருந்த கணிதப் பேராசிரியர், சாக்பீஸைத் தவிர வேறு கருவி தொடாதவர், இரவு பத்து மணிக்கு அழைப்பார். "தம்பி, நான் பேசுறது பிள்ளைகளுக்குக் கேக்கலையாம்." "கீழ இடது பக்கம் மைக் படம் இருக்கா சார்? அதுல சிவப்புக் கோடு இருக்கா?" "கோடு இருக்கு, மைக்கக் காணோம்." முக்கால் மணி நேரம் போகும். சார் ஒருமுறைகூடச் சலித்துக்கொண்டதில்லை. மறுநாள் தமிழ்த்துறை மேடம் அழைப்பார். அவருக்கு கூகுள் கிளாஸ்ரூமில் வினாத்தாள் போடத் தெரிய வேண்டும். அதற்கடுத்த நாள் ஊர் தெரியாத ஒரு கல்லூரியிலிருந்து பெயர் தெரியாத ஒருவர். ஒரு கோடைக்குள் லிங்க் சார் பயிற்றுவித்தவர்களை எண்ணினால் எந்தப் பயிலரங்கையும் மிஞ்சும். அதற்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. தனக்கே ஒன்று அடித்துக்கொள்ளலாம் என்பதும், ஆச்சரியமாக, அவருக்குத் தோன்றவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் சாரின் மொழி மாறிவிட்டது. இப்போது எஃப்.டி.பி. எல்லாம் செயற்கை நுண்ணறிவு. அறிமுகவுரை, நன்றியுரை, வினாடி வினா, 'எக்ஸலன்ட்' என்ற கருத்து உட்பட எல்லாம் அதுவே எழுதிக் கொடுக்கிறது.

போன பருவத்தில் அவருடைய பதவி உயர்வுக்கு ஸ்கிரீனிங் கமிட்டி கூடியது. சார் இரண்டு பாக்ஸ் ஃபைலோடு உள்ளே போனார். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார்.

"இவ்வளவு கோர்ஸா? இதுல எது சார் உங்க வகுப்புக்குப் பிரயோஜனப்பட்டுச்சு?"

சார் யோசித்தார். அவரிடம் உடனடிப் பதில் இல்லாத அபூர்வமான தருணம் அது. நிபுணரின் விரல் ஒரு சான்றிதழில் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். பிரின்சிபால் காப்பி சொல்ல வெளியே போயிருந்தார்.

"இந்த எஃப்.டி.பி. இன்னும் ஓப்பன்லதான் இருக்கா? என் மருமக ஒரு காலேஜ்ல அசிஸ்டன்ட் புரொஃபசர். அவளுக்கு ஒண்ணு குறையுது."

சார் அதற்குள் போனை எடுத்துவிட்டார். "அனுப்பிட்டேன் சார். நாளைக்குத்தான் கடைசி நாள்."